முழங்கால் இல்லாத மனிதன்

1885ஆம் வருஷம் மே மாதம் 24ஆம் தேதி ஹாலந்தில் ஓர் ஓவியன் தன் நண்பனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்று நமக்கு வாசிக்கக் கிடைப்பதற்குக் காரணம், அது போய்ச் சேர்ந்த கையோடு திருப்பி அனுப்பப்பட்டதுதான். வின்சென்ட் வான்கோ தனக்கு வரும் கடிதங்களைச் சேர்த்துவைக்கிற சுபாவம் உள்ளவன் அல்ல. அவன் எழுதியவற்றை மற்றவர்கள் காப்பாற்றினார்கள். அவனுக்கு வந்தவற்றில் பெரும்பகுதி எங்கோ போய்விட்டது. ஆன்டன் வான் ராப்பார்ட் எழுதிய இந்தக் கடிதத்தை வாசித்த உடனே, இந்தா உன் கடிதம், நீயே வைத்துக்கொள் என்கிற மாதிரி இரண்டொரு வரியோடு மடித்து அனுப்பிவிட்டான். ராப்பார்ட் பத்திரப்படுத்துகிற மனிதன். ஆக, ஒரு விமர்சனம் அதைப் பெற்றவனின் கோபத்தால் பிழைத்தது. விமர்சனங்களின் சரித்திரத்தில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

கடிதம் ஒரு கல்லச்சுப் படத்தைப் பற்றியது. நியூனென் கிராமத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்க குடியானவர்களின் தலைகளை மட்டுமே வரைந்து தள்ளிய வான்கோ, ஏப்ரலில் அந்தத் தலைகளை ஒரு விளக்கின் கீழ், ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்தான். 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' என்று நாம் இன்று அறிகிற ஓவியம் அது. எண்ணெய் ஓவியம் இன்னும் முடிந்திராத நிலையில், அதன் அமைப்பை நினைவிலிருந்து ஒரே நாளில் ஒரு கல்லின்மீது வரைந்து, ஐந்தோவனில் ஓர் அச்சகத்தில் சில பிரதிகள் எடுத்தான். கல்லில் நேராக வரைந்ததால் அச்சில் இடம் வலமாகிவிட்டது. ராப்பார்ட்டுக்குப் போனது இந்த அச்சுப்பிரதிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். ஏனென்றால் நாம் இந்தக் கடிதத்தைப் படிக்கும்போதெல்லாம் ஆம்ஸ்டர்டாமில் தொங்கும் 82க்கு 114 சென்டிமீட்டர் ஓவியத்தை மனதில் வைத்துக்கொண்டு, ராப்பார்ட் என்ன குருடனா என்று கேட்டுவிடுகிறோம். அவன் குருடன் அல்ல. அவன் பார்த்த படம் வேறு.

அவன் சொன்னவை இவை. இப்படி ஒரு வேலையை நீயே மனப்பூர்வமாகச் செய்திருக்கமாட்டாய். பின்னால் இருக்கும் பெண்ணின் கை வெறும் பாவனை. காப்பிக் கெண்டிக்கும் மேஜைக்கும் கைப்பிடியின் மேல் கிடக்கும் கைக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கெண்டி நிற்கவும் இல்லை, யாரும் பிடித்திருக்கவும் இல்லை. வலப்பக்கத்து மனிதனுக்கு முழங்கால் எங்கே, வயிறு எங்கே, நுரையீரல் எங்கே, முதுகுக்குள் போய்விட்டனவா? கை ஏன் அத்தனை குட்டை? மூக்கில் பாதியைக் காணோமே? இடப்பக்கத்துப் பெண்ணின் மூக்கு, குழாய்த் தண்டின் நுனியில் ஒரு கட்டையை ஒட்டவைத்ததுபோல் இருக்கிறதே? இவ்வளவையும் செய்துவிட்டு மில்லேயின் பெயரையும் பிரெத்தோனின் பெயரையும் சொல்லத் துணிகிறாயே என்று முடிக்கிறான்.

நல்ல பிரதி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு இந்தப் புகார்களை நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சரி. அந்த மனிதனுக்குத் தோளுக்குக் கீழே உடம்பு இல்லை. சட்டை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதற்கான கனம் இல்லை. இதை உடற்கூறின் குறை என்று ராப்பார்ட் பார்க்கிறான். எனக்கோ இது பாதிக்கு மேல் நிழலின் குறை என்று தோன்றுகிறது. மேலே ஒரே ஒரு விளக்கு. அப்படியானால் தோளின் மேற்புறம் வெளிச்சத்தில் இருக்கவேண்டும். மார்பு திரும்பிக் கீழிறங்கும் இடத்தில் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் விளிம்பு ஒன்று இருக்கவேண்டும். வயிறும் தொடையும் சந்திக்கும் மடிப்பில் நிழல் இன்னும் அடர்ந்திருக்கவேண்டும். அந்த விளிம்பு விழுந்துவிட்டால் முழங்காலை வரையாமலே முழங்கால் இருக்கிறது என்று கண் நம்பிவிடும். கல்லில் ஓடும் கோடுகளோ கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் ஓடுகின்றன. இருட்டு இருக்கிறது, நிழல் இல்லை. இரண்டும் வேறு. இருட்டு அறையினுடையது, நிழல் உடம்பினுடையது.

இந்த வித்தியாசம் எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. பல வருஷங்களுக்கு முன் எங்கள் நண்பர்கள் நடத்திய பத்திரிகை ஒன்றுக்கு நான் இந்திய மையில் சித்திரங்கள் போட்டுக்கொண்டிருந்தேன். அவை நவீன சித்திரங்கள் என்பது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்த ஒருவர், எங்களைவிட மூத்தவர், அட்டைக்காக நான் வரைந்திருந்த ஒரு ரிக்ஷாக்காரனைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சட்டை நல்லா இருக்குய்யா. உள்ள ஆள் எங்க?" என்றார். அவ்வளவுதான். பென்சிலை எடுத்துத் திருத்தவில்லை. நான் அவரோடு மூன்று மாதம் பேசவில்லை. ஆனால் அந்த மூன்று மாதமும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களின் சட்டைக்குள் ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். வலித்த இடத்தில்தான் கண் போய் நிற்கிறது.

ராப்பார்ட்டின் கடிதத்தை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். அகாதமியில் படித்த பிரபு வம்சத்துப் பையன் ஒரு மேதையைப் புரிந்துகொள்ளவில்லை என்பது ஒன்று. நண்பனின் முதுகில் குத்திவிட்டான் என்பது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம். உடற்கூறு என்றால் என்ன என்பதை வான்கோ ராப்பார்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலையில் இல்லை. தெரிந்துகொள்ளாமல் திரிந்தவனும் இல்லை.

1880இல், 27 வயதில், பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பிரதேசமான போரினாஜில் ஒரு சிறு அறையில் உட்கார்ந்துகொண்டு அவன் ஓவியனாவது என்று முடிவு செய்தபோது, முதலில் கையில் எடுத்தது ஷார்ல் பார்க் என்பவர் ஜெரோமின் துணையோடு தயாரித்து கூப்பில் கம்பெனி வெளியிட்ட ஓவியப் பாடத் தாள்களை. மூன்று பாகங்களிலும் சேர்த்து 197 தாள்கள். முதல் பாகம் பிளாஸ்டர் வார்ப்புகளைப் பார்த்து வரைந்தவை; இரண்டாவது பழைய ஆசான்களின் கோட்டுச் சித்திரங்கள்; மூன்றாவது 60 நிர்வாண ஆண் உருவங்கள், கரிக்கோல் பயிற்சிக்கானவை. பார்க்கின் முறை கறாரானது. முதலில் உருவத்தை நேர்கோடுகளால் ஒரு கூண்டுக்குள் அடைக்கவேண்டும். பிறகு அந்தக் கூண்டின் மூலைகளைச் சரிபார்த்து உள்ளே நெருங்கவேண்டும். அதற்கப்புறம் வெளிச்சத்துக்கும் நிழலுக்குமான எல்லையை, அதுவும் ஒரு நாட்டின் எல்லைக்கோடு என்பதைப்போல, தெளிவாக வரையவேண்டும். நிழல் முழுவதையும் ஒரே பரப்பாக நிரப்பவேண்டும். நடுத்தொனிகள் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். தேய்த்துத் தேய்த்து மென்மையாக்கி உருண்டை என்று நம்மை நம்பவைக்கிற காலண்டர் வேலைக்கு நேர் எதிரான முறை இது. வான்கோ அந்த அறுபது தாள்களையும் போட்டு முடித்தான், ஒரு தடவை அல்ல.

அந்த இலையுதிர்காலத்திலேயே பிரஸ்ஸல்ஸ் வந்தான். அங்கே, ஓவியர்களுக்கென்று எழுதப்பட்ட ஓர் உடற்கூறுப் புத்தகத்தைப் பார்த்து, ஐந்து தாள்களில் எலும்புக்கூட்டையும் தசைகளையும் பேனாவால் பிரதி செய்தான். தலை, உடம்பு, கையின் இரு புறம், இடுப்பும் காலும். மாடு குதிரை ஆடு இவற்றின் உடற்கூறு வேண்டுமென்று கால்நடை மருத்துவப் பள்ளியில் படங்கள் கிடைக்குமா என்றுகூட யோசித்தான். அப்போதுதான் ராப்பார்ட் அறிமுகமானான். ஐந்து வயது இளையவன், வசதி உள்ளவன், ஒழுங்காகப் படித்தவன். தன் அறையில் வந்து வேலை செய்ய வான்கோவுக்கு இடம் கொடுத்தான். ஐந்து வருஷங்கள் இருவரும் கடிதங்களில் ஒருவர் படத்தை ஒருவர் பிரித்துப்போட்டார்கள். ராப்பார்ட்டின் படங்களைப் பற்றி வான்கோ எழுதியவையும் தடவிக்கொடுக்கிற ரகமல்ல. 1884இல் ராப்பார்ட் நியூனெனுக்கே வந்து தங்கிப் போனான். மே 24 கடிதம் ஏதோ வானத்திலிருந்து விழுந்த கல் அல்ல. இரண்டு பேருக்கும் பழகிப்போன பாஷையில், ஒரு கட்டம் அதிகமாகப் போய்விட்ட கடிதம்.

இதற்கு முன் வான்கோவைத் திருத்தியவர்களில் ஆன்டன் மௌவ் முக்கியமானவர். ஹேக் நகரத்தில் பெயர்பெற்ற ஓவியர், கல்யாண வழியில் உறவினர். 1881 டிசம்பரில் வான்கோ தன் உருவச் சித்திரங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் போனான். அளவுகள் எல்லாம் கோணிக்கொண்டிருந்தன. மௌவ் பார்த்தார், நீ மாடலுக்கு ரொம்பக் கிட்டத்தில் உட்காருகிறாய் என்றார். கை நீளம், தலை பெரிது, இடுப்பு தப்பு என்று ஒன்றும் சொல்லவில்லை. கிட்டத்தில் உட்கார்ந்தவன் தலையைப் பார்க்க அண்ணாந்தும் காலைப் பார்க்கக் குனிந்தும் ஆகவேண்டும். ஒரே உடம்பை இரண்டு மூன்று பார்வைகளில் துண்டாகப் பார்த்துக் காகிதத்தில் ஒட்டுகிறான். அளவு எப்படி நிற்கும்? நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டால் பாதித் தப்புகள் தாமாகவே போய்விடும். திருத்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பிழையைச் சுட்டவில்லை, பிழை பிறக்கிற இடத்தைச் சுட்டினார்.

ஆனால் அதே மௌவ் சில மாதங்களில் பிளாஸ்டர் கை கால்களை வைத்து வரை என்று அதட்டியபோது, வான்கோ வீட்டுக்குப் போய் அந்த வார்ப்புகளை நிலக்கரித் தொட்டியில் எறிந்து உடைத்தான். அவை மறுபடி முழுசாகி வெள்ளையாகும்போது, உயிருள்ள கைகால்கள் உலகத்தில் தீர்ந்துபோகும்போது, வரைகிறேன் என்கிற பாவனையில் தம்பி தியோவுக்கு எழுதினான். ஒரே ஆசானின் ஒரு சொல் நாற்காலியை நகர்த்தியது, இன்னொரு சொல் சுத்தியலைப் போல் வந்து விழுந்தது.

ராப்பார்ட்டிடம் வருவோம். அவன் கடிதத்தின் குறை அது கொடூரமாக இருந்தது என்பதல்ல. எதைச் செய்தால் அந்த மனிதனுக்கு முழங்கால் வரும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான். பட்டியல் இருக்கிறது, நாற்காலியை எங்கே போடுவது என்பது இல்லை. பட்டியலின் முடிவிலோ நீ மில்லே பெயரைச் சொல்லத் தகுதியில்லை என்கிற தீர்ப்பு. மூக்கைப் பற்றிய புகாரை ஒருவன் தாங்கிக்கொள்வான். தன் தெய்வத்தின் பெயரைச் சொல்ல உரிமை இல்லை என்றால் தாங்கமாட்டான். நம்மிடையே நடந்த எத்தனையோ சண்டைகளிலும், ஒரு கவிதையின் மூன்றாவது வரி சரியில்லை என்பதில் யாரும் முறிந்துபோகவில்லை. நீ யார் பெயரைச் சொல்கிறாய் என்கிற இடத்தில்தான் முறிந்திருக்கிறார்கள்.

வான்கோ அந்தக் கோடையில் ராப்பார்ட்டுக்குத் திரும்பத் திரும்ப எழுதினான். கல்லில் வரைந்தது ஒரு நாள் வேலை, எனக்குப் பழக்கமில்லாத முறை என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறான். இன்னோரிடத்தில், சொன்னதையெல்லாம் நிபந்தனையில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள் என்கிறான். இலையுதிர்காலத்துக்குள் கடிதங்கள் நின்றுவிட்டன.

இதற்கிடையில் பாரிஸிலிருந்தும் தியோ மூலமாக அதே குறை வந்தது. ஷார்ல் ஸெரே என்ற மூத்த ஓவியர் உருவங்களின் கட்டுமானத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். ஜூலையில் வான்கோ தியோவுக்கு எழுதிய பதில் பிரசித்தமானது. தன் உருவங்கள் பள்ளிக்கூடக் கணக்கில் சரியாக இருந்துவிட்டால் தான் நொந்துபோவேன் என்று ஸெரேயிடம் சொல்லச் சொல்கிறான். மண் வெட்டுகிறவனைப் போட்டோ எடுத்தால் அதில் அவன் மண் வெட்டிக்கொண்டிருக்கமாட்டான் என்கிறான். மைக்கலாஞ்சலோவின் கால்கள் நீளம், இடுப்புகள் பெரிது, இருந்தும் அவைதான் அற்புதம் என்கிறான். அளந்து எடுத்த உண்மையைவிட உண்மையான பொய்களைச் செய்யக் கற்றுக்கொள்ளவேண்டும் என்பது அவன் ஆசை.

இந்தக் கடிதம் நவீன ஓவியத்துக்கு எத்தனை பெரிய வரமோ அத்தனை பெரிய சாபம் என்று நினைக்கிறேன். வரைய வராதவர்கள் எல்லோரும் ஒளிந்துகொள்ளும் மரமாக அது ஆகிவிட்டது. நானே அதற்குப் பின்னால் பல காலம் ஒளிந்திருக்கிறேன். என் ரிக்ஷாக்காரனுக்கு உடம்பு இல்லாதது வடிவச் சிதைவு என்று சொல்லிக்கொண்டேன். சிதைப்பதற்கு முதலில் ஒரு வடிவம் கையில் இருக்கவேண்டும் என்பது உறைக்கவில்லை. வான்கோ அந்த வாக்கியத்தில் கற்றுக்கொள்ளவேண்டும் என்கிறான் என்பதை நாம் வசதியாக விட்டுவிட்டோம். அப்படிப் பிழையாக வரைவதையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்கிற மனிதன் அவன். எலும்புக்கூட்டை ஐந்து தாளில் போட்டவனுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு.

அந்த ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவன் வரைந்தவற்றைப் பார்த்தால் விஷயம் இன்னும் துலங்குகிறது. கறுப்புச் சாக்கில் பெரிய பெரிய உருவங்கள். கதிர் பொறுக்குகிறவள், அறுவடை செய்கிறவன், மண் வெட்டுகிறவன், விறகு பிளக்கிறவன். ஜெர்மனியில் எஸ்ஸென் நகரத்து ஃபோக்வாங் மியூசியத்தில் இருக்கும் கதிர் பொறுக்குகிற பெண், நமக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு குனிந்திருக்கிறாள். முகம் கிட்டத்தட்ட இல்லை. பாவாடையின் பெரிய உருண்டை, அதன் மேல் முதுகின் உருண்டை, கீழே மரச்செருப்புகளில் ஊன்றிய பாதம். இடுப்பு எங்கே மடிகிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதில் கண்ணுக்குச் சந்தேகமே இல்லை. நிழல் அறையிலிருந்து வரவில்லை, உடம்பு திரும்பும் இடத்திலிருந்து வருகிறது.

அந்த வசந்தத்தில் அவன் டெலக்ருவாவைப் பற்றிய ஒரு செய்தியை ஜிகூவின் நினைவுக்குறிப்பில் படித்திருந்தான்: உருவத்தைக் கோட்டிலிருந்து தொடங்காதே, நடுவிலிருந்து தொடங்கு, முதலில் முட்டை முட்டையாகக் கனங்களை வை, பிறகு அவற்றைச் சேர். பார்க் வெளியே கூண்டு கட்டி உள்ளே வந்தார். இது உள்ளேயிருந்து ஊதி வெளியே வருவது. கோடைச் சித்திரங்களில் அந்த முட்டைகள் துணிக்கடியில் அப்படியே தெரிகின்றன. ராப்பார்ட்டின் கடிதம்தான் இதற்குக் காரணம் என்று யாரும் நிரூபிக்கமுடியாது. ஸெரே சொன்னார், தியோ சொன்னான், டெலக்ருவா இருந்தார். ஆனால் வயிறும் முழங்காலும் நுரையீரலும் இல்லை என்று மே மாதத்தில் ஒருவன் கேட்கிறான். ஆகஸ்டில் மற்றவன் வயிறும் முழங்காலும் நுரையீரலுமாகவே வரைந்து குவிக்கிறான். வாயால் மறுத்ததைக் கை ஒப்புக்கொண்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சித்திரங்கள் ராப்பார்ட்டுக்கான உண்மையான பதில். கடிதங்கள் வெறும் கோபம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1886 ஜனவரியில் ஆன்ட்வெர்ப் அகாதமியில் சேர்ந்தான். பிளாஸ்டரை உடைத்தவன் அங்கே புராதன வார்ப்புகளைப் பார்த்து வியந்துபோய்த் தியோவுக்கு எழுதினான். ஆனால் வரைந்தது தன் முறையில். சித்திர ஆசிரியர் சீபெர்ட்டோடு தகராறு. மிலோவின் வீனஸை அவன் அகன்ற இடுப்போடு ஒரு குடியானவப் பெண்ணாக வரைந்தான் என்றும், ஆசிரியர் திருத்துகிறேன் என்று கரியை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்தது என்றும், பிள்ளை சுமக்க இடுப்பு வேண்டாமா என்று இவன் கத்தினான் என்றும் உடன்படித்த ஒருவர் வெகுகாலம் கழித்துச் சொன்னார். நினைவிலிருந்து சொன்னது, கொஞ்சம் ஜோடனை இருக்கலாம். மார்ச் மாதக் கடைசியில் அகாதமி அவனை ஆரம்ப வகுப்புக்கு இறக்கித் தீர்ப்பளித்தது. அதற்குள் அவன் பாரிஸ் போய்விட்டிருந்தான். அங்கே கோர்மோனின் பட்டறையில் சில மாதங்கள் மறுபடியும் வார்ப்புகளையும் மாடல்களையும் பார்த்து வரைந்தான் என்பதை, அகாதமிகளை எட்டி உதைத்தவன் என்று அவனைக் கொண்டாடுகிறவர்கள் சொல்வதில்லை.

1887இல் தங்கைக்கு எழுதியபோது, தான் செய்தவற்றில் அந்த உருளைக்கிழங்கு ஓவியம்தான் சிறந்தது என்று நினைப்பதாகச் சொன்னான். 1890 வசந்தத்தில், ஸான் ரெமி மருத்துவமனையில் இருந்தபடி, பழைய நியூனென் சித்திரங்களை அனுப்பும்படி கேட்டான். அந்தச் சாப்பாட்டுக் காட்சியைத் திரும்ப வரைய எண்ணினான். ஜூன் மாதம் ஓவேர் கிராமத்திலிருந்து தியோவிடம் வேறொன்று கேட்டான்: பார்க்கின் கரிக்கோல் பயிற்சித் தாள்கள், அந்த 60 நிர்வாண உருவங்கள். அவற்றை மறுபடி வரையாவிட்டால் கை போய்விடும் என்கிற கவலை. சூரியகாந்திகளும் நட்சத்திர இரவும் அவனுக்குப் பின்னால் இருந்தன. ஜூலை 29ஆம் தேதி இறந்துபோனான்.

ராப்பார்ட் அதற்கப்புறம் இரண்டு வருஷம்கூட இல்லை. 1892 மார்ச்சில், 33 வயதில், அவனும் போய்விட்டான். இடையில் வின்சென்ட்டின் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதினான். தியோவின் மனைவி யோஹன்னா 1914இல் வெளியிட்ட கடிதத் தொகுப்பின் முன்னுரையில் அது வருகிறது. தன்னிடமே அத்தனை கேட்டு உடம்பையும் மனதையும் அழித்துக்கொண்ட அந்த மனிதனைப் பார்த்தவர் யாருக்கும் அன்பு வராமல் இருக்காது என்று எழுதுகிறான். கடைசி வருஷங்களில் ஒரு மனத்தாங்கலால் பிரிந்திருந்தோம், அதற்காக எப்போதும் வருந்தியிருக்கிறேன் என்கிறான். முழங்காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்த அந்த மே மாதக் கடிதம் அப்போதும் அவன் வீட்டில்தான் எங்கோ மடிந்து கிடந்திருக்கவேண்டும்.